பிரஷ்ஷும் பில்லும்

தலவாக்கலை வாசகர்: தீபாவளிக்குக் கதவுக்கு எனாமல் பூசினேன். பிரஷ்ஷைச் சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் நன்றாகத்தான் கழுவினேன். இப்போது கட்டை மாதிரி இருக்கிறது. கடையில் மாற்றித் தருவார்களா?

தர மாட்டார்கள். நான் கடைக்காரனாக இருந்தாலும் தர மாட்டேன். எண்ணெய்ப் பெயின்டான எனாமலைக் கழுவ டர்பன்டைன், தண்ணீர்ப் பெயின்டான இமல்ஷனுக்குத் தண்ணீர், டின்னிலேயே போட்டிருக்கிறது. டர்பன்டைனில் அலசி, பிறகுதான் சவர்க்காரம். அலசிய டர்பன்டைனைக் கொட்டாதீர்கள். ஜேம் போத்தலில் மூடி வைத்தால் பெயின்ட் அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மறுபடி பாவிக்கலாம்.

பண்டாரவளை வாசகி: மூன்றங்குல பிரஷ். முதல் சுவரிலேயே முடி முடியாகக் கொட்டியது. “உங்களுக்குக் கழுவத் தெரியவில்லை” என்கிறார் கடைக்காரர். இன்னும் ஒரு தரம்கூடக் கழுவவில்லை ஐயா! பில்லும் தரவில்லை.

உங்கள் மேல் பிழையில்லை அம்மா. புதுப் பிரஷ்ஷில் நாலைந்து முடி உதிரும், அது வழக்கம். சுவரெல்லாம் முடி என்றால் சாமான் மோசம். தகரப் பட்டைக்குள் நடுவில் ஒரு கட்டை வைத்திருப்பார்கள். பெயின்ட் தேங்கி நிற்க நல்ல பிரஷ்ஷிலும் அது உண்டு. மலிவு பிரஷ்ஷிலோ கட்டைதான் பெரிது, முடி ஓரத்தில் மட்டும். பார்வைக்கு மொத்தமாகத் தெரியும். வாங்கும்போது முடியை விரித்து நடுவைப் பாருங்கள், மெதுவாக இழுத்தும் பாருங்கள். இதைப் பார்க்காமல் சந்தையில் லொறிக்காரரிடம் மூன்றை ஒரே கட்டாக வாங்கியவன் நான். என் குசினிக் கதவின் நீலத்தில் ஏழெட்டு முடி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மருமகள் தடவிப் பார்த்துச் சிரிப்பாள்.

பில் விஷயத்துக்கு வருவோம். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ‘சின்னச் சாமான்தானே’ என்று நாம் கேட்காமல் வருகிறோம், அதில்தான் அவர்கள் பிழைக்கிறார்கள். போய்க் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்திலும் அனுப்புங்கள்.

ஹட்டன் வாசகர்: நாளைக்கும் அதே நிறம்தான். இரவில் கழுவ வேண்டுமா?

வேண்டாம். பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றுங்கள். விடியும் வரைக்கும்தான், பொங்கல் வரைக்கும் இல்லை.

மஸ்கெலியா வாசகி: கழுவிப் பையில் போட்டு வைத்த பிரஷ்ஷில் பூஞ்சணம்.

ஈரத்தோடு கட்டிவிட்டீர்கள். நம்மூர் மழையில் ஒரு நாளில் காயாது. முடி கீழே பார்க்க, அடுப்படியில் ஆணியில் தொங்கவிடுங்கள். டர்பன்டைன் வாடை முழுதாகப் போன பிறகு.