வாசகர் கேள்வி பதில்: டெத் வேலியில் கூடாரமா, கேபினா?

கேள்வி: டிசம்பர் கடைசி வாரம், திருச்சியிலிருந்து வரும் அப்பா அம்மாவை கலிஃபோர்னியாவின் டெத் வேலி பாலைவனப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறோம். அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. ஃபர்னஸ் க்ரீக்கில் கூடாரம் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். வெயில் தாங்காது, கேபின்தான் வேண்டும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
(வாசகி, ஃப்ரீமாண்ட்)

பதில்: கேபின் சரி, காரணம்தான் தப்பு. டிசம்பரில் அங்கே வெயில் ஒரு பிரச்சினையே இல்லை. ஃபர்னஸ் க்ரீக்கில் அப்போது பகலில் 18 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும், இரவில் 4 டிகிரிக்கு இறங்கும். காற்றில் ஈரம் கிடையாது, மேகமும் இல்லை என்றால் பொழுது சாய்ந்ததும் தரையிலுள்ள சூடெல்லாம் சட்டென்று போய்விடும். பகல் முழுக்க அரைக்கை சட்டையில் சுற்றியவர் ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்லீப்பிங் பேகிலிருந்து உருவிக்கொண்டு, ஜிப்பைத் திறந்து, குனிந்து வெளியே வந்து, டார்ச் அடித்துக்கொண்டு கழிப்பறைக்கு நடக்க வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அந்தக் குனிந்து எழுவதுதான் பெரிய தொல்லை, குளிர்கூட அடுத்ததுதான்.

சரி, எங்கே தங்குவது? முதலில் மேப்பை எடுத்து உயரத்தைப் பாருங்கள், படங்களை அப்புறம் பார்க்கலாம். ஃபர்னஸ் க்ரீக் கடல்மட்டத்துக்குக் கீழே 190 அடியில் இருக்கிறது. ஸ்டவ்பைப் வெல்ஸ் ஏறக்குறைய கடல்மட்டம். அதே பூங்காவுக்குள் மஹாகனி ஃப்ளாட் கேம்ப்கிரவுண்ட் 8,000 அடிக்கு மேலே, அதாவது ஊட்டியைவிட உயரத்தில். ஆயிரம் அடி ஏறினால் 2 டிகிரியாவது குறையும் என்று வைத்துக்கொண்டால், ஒரே நாளில் கீழே ஸ்வெட்டரும் மேலே பனியும் எப்படி வருகிறது என்று புரியும். டிசம்பரில் மஹாகனி ஃப்ளாட்டை நினைக்கவே வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது ஃபர்னஸ் க்ரீக்கில் உள்ள ‘தி ராஞ்ச் அட் டெத் வேலி’ ஹோட்டல் (முன்பு ஃபர்னஸ் க்ரீக் ராஞ்ச்) அல்லது ஸ்டவ்பைப் வெல்ஸ். ராஞ்சில் வாடகை கையைக் கடிக்கும், அதிலும் கிறிஸ்துமஸ் வாரம். ஆனால் அறையை விட்டு வந்தால் சாப்பாடு, கடை, நீச்சல் குளம் எல்லாம் நடக்கிற தூரம். ஸ்டவ்பைப் வெல்ஸ் எளிமையான இடம், மெஸ்கீட் மணல்மேடுகள் பக்கத்திலேயே. இரண்டிலும் இடம் இல்லை என்றால் நெவாடா பக்கம் பீட்டி ஊரில் மோட்டல் எடுங்கள், ஃபர்னஸ் க்ரீக்குக்கு முக்கால் மணி நேர ஓட்டம். லாஸ் வேகஸில் தங்கி ஒரே நாளில் போய்வந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம், இதில் பெரியவர்களை உட்காரவைத்து ஓட்டிக்கொண்டே இருப்பதற்கு எதற்குப் பூங்கா.

கணவரின் ஆசையையும் கெடுக்க வேண்டாம். ஃபர்னஸ் க்ரீக் கேம்ப்கிரவுண்டில் இடம் கிடைத்தால் அவரும் பிள்ளைகளும் கூடாரத்தில் தூங்கட்டும், நீங்கள் பெரியவர்களோடு ராஞ்சில் இருங்கள், நடந்தே வந்துவிடலாம். பக்கத்திலேயே இருக்கிறதே என்று சன்செட் கேம்ப்கிரவுண்டை எடுத்துவிடாதீர்கள். அது பெரிய வண்டிகளுக்கான சரளைக்கல் மைதானம், மேசை கிடையாது, அடுப்பு மூட்டும் வளையமும் கிடையாது.

கேள்வி: கேம்ப்கிரவுண்ட் ஒன்றில் ‘கேபின்’ என்று போட்டு, மோட்டலில் பாதி விலை சொல்கிறார்கள். உள்ளே பாத்ரூம் இருக்குமா?
(வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: பாதி விலை என்றால் இருக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கேஓஏ போன்ற தனியார் கேம்ப்கிரவுண்டுகளில் கேம்பிங் கேபின் என்பது மர அறை, அடுக்குக் கட்டில், மெத்தை, ஒரு விளக்கு, ஒரு பிளக். போர்வை, தலையணை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். கழிப்பறையும் குளியலும் பொதுக் கட்டடத்தில். டீலக்ஸ் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பாத்ரூம் உள்ளே இருக்கும். டென்ட் கேபின் என்றால் சுவரே துணிதான், காற்று அடிக்கிற ராத்திரியில் தூக்கம் போச்சு.

அதைவிட முக்கியமாக, போனில் கூப்பிட்டு ஏசியா, ஏர் கூலரா என்று கேளுங்கள். பாலைவனத்துப் பழைய கேபின்களில் தண்ணீர் ஊற்றி ஓட்டும் கூலர்தான் பல இடங்களில். மே, ஜூனில் காற்று வறண்டிருக்கும்போது அது அருமையாக வேலை செய்யும், கரண்டும் மிச்சம். ஜூலைக்கு மேல் உங்கள் அரிசோனா பக்கம் பருவமழை ஈரம் வந்துவிட்டால் தண்ணீர் ஆவியாவது குறைந்துவிடும், அப்போது கூலர் வெறும் புழுக்கத்தைத்தான் ஊதும்.

கேள்வி: ஜோஷுவா ட்ரீ பூங்காவுக்குள் ஹோட்டலே இல்லையாமே? இரண்டு சின்னப் பிள்ளைகளோடு மார்ச்சில் போகிறோம், எந்த கேம்ப்கிரவுண்ட்?
(வாசகி, அர்வைன்)

பதில்: உண்மைதான். ஹோட்டல், சாப்பாட்டுக் கடை, பெட்ரோல் பங்க் எதுவும் உள்ளே இல்லை, போன் சிக்னலும் அநேகமாகக் கிடையாது. கேம்ப்கிரவுண்டுகளில் எல்லாரும் கேட்பது ஜம்போ ராக்ஸ். பிள்ளைகள் வழுவழுப்பான பெரிய பாறைகளில் காலையிலிருந்து ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள், அது உண்மை. ஆனால் அங்கே குழாய் இல்லை. கழிப்பறை கீழே குழி வெட்டிய வகை, ஃப்ளஷ்ஷும் இல்லை, கை கழுவவும் தண்ணீர் இல்லை, நம் பழக்கத்துக்கு ஆளுக்கொரு பாட்டில் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வேண்டும், சமையல், பாத்திரம், பிள்ளைகளின் மண் கை கால் எல்லாம் அதற்கு மேல்.

முதல் தடவை, சின்னப் பிள்ளைகள் என்றால் நான் பிளாக் ராக் அல்லது காட்டன்வுட் எடுப்பேன். இரண்டிலும் குழாயும் ஃப்ளஷ் கழிப்பறையும் உண்டு, குளியல் மட்டும் எங்கேயும் இல்லை. பிளாக் ராக்கில் ஒரு சங்கதி. மேப்பில் பூங்காவுக்குள் இருப்பதுபோலத் தெரியும், ஆனால் அங்கிருந்து உள்ளே போகக் கார் பாதை கிடையாது. யக்கா வேலி வழியாக வெளியே வந்து, ஜோஷுவா ட்ரீ ஊருக்குப் போய், மேற்கு வாசலில் வரிசையில் நின்றுதான் பாறைகளைப் பார்க்க வேண்டும். கடையும் பெட்ரோலும் பக்கம் என்பதால் அந்த அலைச்சல் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இடம் எடுக்கும்போது கழிப்பறைக்கு ஒட்டினாற்போல் எடுக்காதீர்கள், ராத்திரி முழுக்கக் கதவுச் சத்தம். மூன்று நான்கு இடம் தள்ளி எடுங்கள்.

மார்ச்சில் காற்று பலமாக அடிக்கும். கூடாரத்தோடு கொடுக்கும் மெல்லிய கம்பி ஆணிகள் மணலில் நிற்காது. நீளமான ஆணிகளை வாங்கி, கயிற்றைப் பாறையிலோ கார் சக்கரத்திலோ கட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்களுக்கு ஜூலையில்தான் லீவு. யூட்டா மாநிலத்து மோவாபில் கேம்பிங் முடியுமா?
(வாசகர், டென்வர்)

பதில்: மோவாப் ஊரிலும் ஆற்றோரத்திலும் வேண்டாம், 38 டிகிரி அங்கே ஜூலையில் சாதாரணம். ஆர்ச்சஸ் பூங்காவின் டெவில்ஸ் கார்டன் கேம்ப்கிரவுண்ட் ஊரைவிட ஆயிரம் அடிபோலத்தான் உயரம், ஜூலைக்கு அது போதாது. கிழக்கே லா சால் மலையில் வார்னர் லேக் கேம்ப்கிரவுண்ட் 9,400 அடியில் இருக்கிறது. அங்கே தூங்கி, விடியுமுன் இறங்கி ஆர்ச்சஸைப் பார்த்துவிட்டு பதினோரு மணிக்குள் மேலே ஏறிவிடுங்கள். இல்லாவிட்டால் ஊருக்குள் ஏசி அறைதான்.

கேள்வி: அரசு கேம்ப்கிரவுண்டுகளுக்கு முன்பதிவு செய்யும் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் எப்போது பார்த்தாலும் இடம் இல்லை என்றே வருகிறது. வழி இருக்கிறதா?
(வாசகர், சான் டியேகோ)

பதில்: இருக்கிறது. பல கேம்ப்கிரவுண்டுகளுக்கு ஆறு மாதம் முன்பே, பசிபிக் நேரப்படி காலை 7 மணிக்குத் திறப்பார்கள், நல்ல வார இறுதிகள் உடனே போய்விடும். விட்டுவிட்டால் கவலை வேண்டாம். ரத்து செய்ய 10 டாலர்தான் பிடிப்பார்கள், ஆனால் போக வேண்டிய நாளிலோ அதற்கு முந்தைய நாளிலோ ரத்து செய்தால் முதல் இரவு வாடகையும் சேர்ந்து போய்விடும். அதனால் வர முடியாதவர்கள் பலர் இரண்டு மூன்று நாள் முன்பே கைவிடுவார்கள், அப்போது பாருங்கள். அதுவும் வெள்ளி, சனியை விட்டு ஞாயிறு ராத்திரி தங்க இடம் தேடுங்கள்.