பிரதி எடுத்தவர்

அன்புள்ள ஐயா,

பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். ஓய்வுபெற இன்னும் நான்கு ஆண்டுகள் உள்ளன. தேவாலயத்துக்கும் ஞாயிறு பள்ளிக்கும் காசு வாங்காமல் நிறைய வரைந்திருக்கிறேன். மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். கண்காட்சி என்று ஒன்று வைத்ததில்லை. உடன் படித்தவர்கள் பெயர் வாங்கிவிட்டார்கள். என் மனைவியும் என்னோடு ஓவியம் படித்தவள்தான். பிள்ளைகள் பிறந்ததும் அவளாகவே விட்டுவிட்டாள். இன்றும் என் படத்தைக் காட்டினால் எங்கே தப்பு என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். விசுவாசத்துக்கும் குடும்பத்துக்கும் என் கலையைப் பலி கொடுத்துவிட்டேனோ? இப்போதாவது வேலையை விட்டுவிட்டு முழுநேரம் வரையலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேலையை விடுவதா வேண்டாமா என்பதைப் பென்ஷன் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் யாரிடமாவது கேளுங்கள். எனக்கு அதில் ஞானம் கிடையாது. உடன் படித்தவர்களின் புகழைப் பற்றியும் பேசப்போவதில்லை. இந்த வயதில் அந்தப் புண்ணைச் சொறிந்துகொண்டிருப்பது உங்களுக்கே அழகில்லை.

ஆனால் கலையைப் பலி கொடுத்தேன் என்கிறீர்களே, அங்கேதான் சுருக்கென்றது. கொஞ்ச நாளாக ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் தனிச் செல்லோ இசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். செல்லோ என்பது வயலினின் பெரிய அண்ணன். உங்கள் கடிதம் வந்தபோது மனம் பாஹின் வீட்டில்தான் இருந்தது.

விசுவாசமும் குடும்பமும் வாத்தியார் வேலையும் கலைஞனைத் தின்றுவிடும் என்றால், யோஹான் செபாஸ்டியன் பாஹிடம் ஒன்றுமே மிஞ்சியிருக்கக் கூடாது. 1723 முதல் 1750இல் சாகும்வரை ஜெர்மனியில் லைப்சிக் நகரின் தாமஸ் பள்ளியில் வேலை. குடியிருந்ததும் பள்ளிக் கட்டடத்திலேயே. பையன்களுக்குப் பாட்டு சொல்லித்தர வேண்டும், ஆராதனைக்கு இசையமைத்து அவர்களைப் பாடவைக்க வேண்டும். லத்தீன் வகுப்பும் அவர் தலையில்தான் விழுந்தது. கைக்காசைக் கொடுத்து வேறொருவரை எடுக்கச் சொன்னார். இரண்டு மனைவியர் வழியாக 20 பிள்ளைகள், பிழைத்துப் பெரியவர்களானவர்கள் 10 பேர். பல கையெழுத்துப் பிரதிகளின் முடிவில், மகிமை கடவுள் ஒருவருக்கே என்று பொருள்படும் லத்தீன் முதலெழுத்துகள் மூன்றைப் போட்டார். அதே மனிதர்தான் 1730இல் பழைய நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஊரில் காற்று நன்றாக இருந்தால் சாவு குறைந்து சவ அடக்க இசைக்குக் கிடைக்கும் வரும்படியும் குறைகிறது, போன வருஷம் நூறு தாலர் வெள்ளிக்காசுக்கு மேல் போயிற்று என்று புலம்பினார். பக்திமானுக்கும் வீட்டுச் செலவு உண்டு.

1720 ஜனவரியில், ஒன்பது வயது மகன் ஃப்ரீடமானுக்காக ஒரு நோட்டுப் போட்டார். ஆரம்பத்தில் இசைக்குறிகளைப் படிப்பது எப்படி என்ற விளக்கம், அலங்காரக் குறிகளின் பட்டியல். அப்புறம் ஒரு சின்ன உருப்படி, ஒவ்வொரு சுரத்தின் தலையிலும் எந்த விரலை வைப்பது என்று எண் போட்டது. இன்று பெரிய பெரிய கலைஞர்கள் மேடையில் வாசிக்கிற உருப்படிகள் பலவற்றின் முதல் வடிவம் அந்த நோட்டுக்குள் இருக்கிறது. பையனுக்குப் பாடம் எழுதிய நேரத்தைக் கலைக்கு வந்த நஷ்டம் என்று அவர் எழுதி வைத்திருக்கவில்லை.

ஆகவே உங்கள் புகார் தள்ளுபடி. நீங்கள் புகாராக எழுதாத ஒன்று இருக்கிறது. போகிறபோக்கில் ஒரு வரி: "அவளாகவே விட்டுவிட்டாள்."

பாஹின் இரண்டாவது மனைவி அன்னா மக்தலேனா, கோதென் என்ற சிறு ஜெர்மன் அரசவையில் சம்பளம் வாங்கிய பாடகி. 1721 டிசம்பரில் பாஹைக் கல்யாணம் செய்துகொண்டபோது வயது 20. வீட்டில் மூத்த தாரத்துப் பிள்ளைகள் நான்கு பேர். லைப்சிக் வந்தபிறகு தேவாலய இசையில் பெண் பாட முடியாது, பையன்கள்தான். எப்போதாவது பழைய அரசவைக்குப் போய்ப் பாடினார். மற்றபடி 13 பிரசவங்கள், அதில் ஏழு சின்னச் சவப்பெட்டிகள், நடுவில் கணவரின் இசையைப் பிரதி எடுக்கும் வேலை. நான் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தச் செல்லோ இசை பாஹின் கையெழுத்தில் இன்று இல்லை. அன்னா எடுத்த பிரதி இருக்கிறது. அதில் வில்லை எங்கே சேர்த்து இழுப்பது என்று காட்டும் வளைகோடுகள் கொஞ்சம் நகர்ந்து, எந்தச் சுரத்தில் தொடங்கி எதில் முடிகின்றன என்று புரியாதபடி கிடக்கும். வாசிப்பவர்களுக்குள் இன்றும் அதைப் பற்றிச் சண்டை. கவனமில்லாமல் எழுதிவிட்டார் என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. எனக்குக் கோபம் வரும். பேனா பிடித்த கை அதற்கு முன்னும் பின்னும் எதையெல்லாம் பிடித்தது என்று இவர்களில் ஒருவராவது கேட்டிருப்பாரா?

சவ அடக்க வரும்படிக்குப் புலம்பிய அதே கடிதத்தில், தன் குடும்பத்தை வைத்தே வீட்டில் கச்சேரி நடத்தலாம், மனைவிக்கு நல்ல சுத்தமான குரல் என்று பாஹ் எழுதுகிறார். பெருமைதான். ஒரே பார்வையில் தப்பைச் சொல்லிவிடுவாள் என்று நீங்கள் எழுதியதும் இதே பெருமைதான். பாஹ் உயில் எழுதாமல் செத்தார். சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு வந்தது, மீதி அப்போது உயிரோடிருந்த ஒன்பது பிள்ளைகளுக்குப் போயிற்று. 1760இல் அன்னா இறந்தபோது தர்மப் பணத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார். மூத்த தாரத்து மகன் எமானுவேல் அப்போது பிரஷ்ய மன்னரின் அவைக் கலைஞர்.

பலி கொடுத்தது யார் என்பதில் உங்களுக்கு இன்னமும் சந்தேகம் இருக்கிறதா? நீங்கள் இத்தனை வருஷமும் வரைந்துகொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். சுவரில், கரும்பலகையில், பிள்ளைகளின் நோட்டில். தூரிகையைக் கீழே வைத்தவர் உங்கள் மனைவி. அவராகவே வைத்தார் என்கிறீர்கள். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் யார் எதை அவராகவே செய்கிறார்? நம்மூர் எழுத்தாளர் முன்னுரைகளில் கடைசி வரி ஒன்று வரும், மெய்ப்புப் பார்த்த என் மனைவிக்கு நன்றி என்று. பலருக்குப் பெயர்கூட இருக்காது. உங்கள் கடிதத்திலும் அவருக்குப் பெயர் இல்லை. இதில் ஆண்டவரை வேறு சாட்சிக்கு இழுக்கிறீர்கள்.

உங்களை நோகடிக்க எழுதவில்லை. இவ்வளவு காலம் பிள்ளைகளுக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. வேலையை விட்டால் கிடைக்கும் பகல்கள் அத்தனையும் உங்களுக்கே என்று நினைத்துவிடாதீர்கள், அவ்வளவுதான். அடுப்படியில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் வரும் அறையை அவருக்குக் கொடுங்கள். இனி வரைய விருப்பமில்லை என்று அவர் சொன்னால் அத்தோடு விடுங்கள், வற்புறுத்துவதும் இன்னொரு அதிகாரம். வரைந்தாரானால், அருமையாக இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். எங்கே தப்பு என்று நீங்களும் சொல்லுங்கள்.

அன்புடன்.