தோட்டம் செழித்தும் நனையாத தொண்டை: சுயாதீனப் பாடல்கள் குறித்து வாசகர் கேள்வி – பதில்

திரைப்படத்தைச் சாராமல் வரும் சுயாதீனப் பாடல்களில், இளைஞர்கள் 'இண்டி' என்று சொல்பவற்றில், விளங்காத வரிகள் இருந்தால் எழுதியனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என் பேத்தி 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டுக்கு ஆடுவாள். அது துள்ளல் பாட்டு என்றே நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, 'தோட்டம் செழிச்சாலும் என் தொண்ட நனையலையே' என்ற வரி தனியாகக் காதில் விழுந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. தான் வைத்த தோட்டம் செழித்தால் மகிழ்ச்சிதானே? இந்த வரிக்கு என்ன பொருள்? – வாசகி, மதுரை

பதில்: உங்கள் கை நின்ற இடத்திலேயே அந்தப் பாட்டின் உயிர் இருக்கிறது. 2021 மார்ச்சில் வெளியான இந்தப் பாட்டின் வரிகளை எழுதியவர் அறிவு. அவரும் தீயும் பாடியிருக்கிறார்கள். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். இந்தச் செய்திகளையெல்லாம் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, வரியை மட்டும் முதலில் பார்ப்போம்.

'நான் அஞ்சு மரம் வளர்த்தேன், அழகான தோட்டம் வச்சேன்' என்று இரண்டு வினைகள் வருகின்றன. இரண்டிலும் செய்தவர் 'நான்'. அடுத்த அடியில் அந்த 'நான்' காணாமல் போகிறார். இப்போது தோட்டம் எழுவாயாகிவிட்டது. அது தானாகவே செழிக்கிறது. வளர்த்தவருக்கு மிஞ்சியிருப்பது ஒரு தொண்டை மட்டும், அதுவும் வறண்ட தொண்டை. 'செழிச்சாலும்' என்பதில் உள்ள அந்த 'ஆலும்' உழைப்பையும் பயனையும் இரண்டாக வெட்டிப் போடுகிறது. 'நனையலையே' என்று நீளும் ஏகாரமோ நம் ஊர்ப் பெண்கள் ஒப்பாரியில் இழுக்கும் ஏகாரம். ஒப்பாரி பாடுகிறவர் தாம் வளர்த்ததையும் வைத்ததையும் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்து, அதன் பலன் கைக்கு வராமல் போனதைக் கடைசியில் இப்படித்தான் இழுத்து நிறுத்துவார். பொருள் தெரிவதற்கு முன்பே உங்கள் கை நின்றதற்கு இந்த ஓசைப் பழக்கமே காரணம் என்று நினைக்கிறேன்.

இனி அந்தத் 'தோட்டம்' என்ற சொல்லுக்கு வருவோம். மதுரையில் தோட்டம் என்றால் கிணறும் வரப்பும் உள்ள நிலம், அல்லது வீட்டுக் கொல்லை. இலங்கை மலையகத்தில் அப்படியன்று. அங்கே தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம், தொழிலாளர் குடியிருக்கும் லயன் என்ற வரிசை அறைகள், தோட்டத்தை ஆளும் துரை, ஆள்சேர்த்து வேலைவாங்கும் கங்காணி, வேலைக்கான பேர்ப்பதிவு எல்லாம் சேர்ந்த ஓர் உலகம். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் அந்த உலகத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். பாட்டிலேயே 'வள்ளியம்மா பேராண்டி' என்று அவர் பெயர் வருகிறது. காணொளியிலும் அவரே அமர்ந்திருக்கிறார். எனவே மலையகப் பொருளை வெளியிலிருந்து கொண்டுவந்து இந்த வரியின்மேல் ஏற்றுவதாக யாரும் குறை சொல்ல முடியாது. பாட்டே அதற்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கும், காப்பி நோயில் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழிவந்த மக்கள், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலும் நாடற்றவர்களாக ஆனார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவெடுப்பது என்று மக்களைப் பங்கு பிரித்தது. மலையைத் திருத்திச் செடி வைத்தவர்களுக்கு அந்த மண்ணில் ஒரு பிடியும் சொந்தமில்லை. திரும்பி வந்த ஊரிலும் நிலமில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள். செழித்த தோட்டம் யாருடையது என்ற கேள்விக்கு வரி தானே பதில் சொல்லும்.

மலையகத் தோட்டங்களில் வாய்மொழியாக வழங்கிவந்த பாட்டு ஒன்றும் உண்டு: 'ஊரான ஊரிழந்தேன், ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன், பேரான கண்டியிலே பெத்த தாயை நான் மறந்தேன்.' போகும்போது இழந்தது ஒற்றைப் பனை; போன இடத்தில் வளர்த்தது அஞ்சு மரம். இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து வைத்தால், ஒன்றின் வலி மற்றொன்றில் தொடர்வதாகவே எனக்குக் கேட்கிறது. ஆனால் 'அஞ்சு' என்றவுடன் ஐந்திணை என்று விரித்துவிடக் கூடாது. எனக்கும் அந்த ஆசை வந்தது. யோசித்துப் பார்த்தால், அது ஒரு கைவிரலில் எண்ணிக் காட்டக்கூடிய எண். ஒரு கிழவி தன் மரங்களைச் சொல்லும் எண். அந்த எளிமையை நாம் கெடுக்க வேண்டாம்.

பேத்தி ஆடட்டும். ஒப்பாரியும் பறையும் ஒரே முற்றத்தில் ஒலித்த ஊர் நம்முடையது.

கேள்வி: அதே பாட்டில் 'எஞ்சாமி' என்பது கடவுளைக் குறிக்கிறதா? – வாசகர், விருதுநகர்

பதில்: 'என் சாமி' என்பது பேச்சில் 'எஞ்சாமி' ஆகிறது. அந்தச் சொல்லை நம் ஊரில் யார், யாரைப் பார்த்துச் சொல்வார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கோயிலில் தெய்வத்தை அழைப்பார்கள். கூலிக்கு நின்றவர் நிலக்காரரைக் கைகட்டி அழைத்த சொல்லும் அதுதான். பாட்டி பேரனை மடியில் இழுத்துக்கொண்டு 'எஞ்சாமி, ஒரு வாய் சாப்பிடு' என்று கெஞ்சுவதும் அதே சொல்லால்தான். பாட்டின் உறவுச்சொற்களோடு பொருந்துவது மூன்றாவது பொருள் என்பது என் முடிவு. என்றாலும் இரண்டாவது பொருள் அடியில் கனன்றுகொண்டிருப்பதால்தான் தலைப்பின் முதல் பாதியில் உள்ள 'என்ஜாய்' அவ்வளவு துணிச்சலாக ஒலிக்கிறது. நிலக்காரருக்கு உரியதாக இருந்த சொல், பேரப்பிள்ளைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

கேள்வி: போன் ஐவர் என்ற அமெரிக்கக் குழுவின் 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ' இசைத்தொகுப்பை விரும்பிக் கேட்கிறேன். வரிகளைத் தேடிப் படித்தால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் தொடர்பே தெரியவில்லை. என் ஆங்கிலம் போதவில்லையா? – வாசகர், கோவை

பதில்: உங்கள் ஆங்கிலத்தில் குறையொன்றும் இல்லை. அந்த வரிகள் பிறந்த விதம் அப்படி. அந்தக் குழுவைத் தொடங்கிய பாடகர் ஜஸ்டின் வெர்னன் 2006ஆம் ஆண்டின் இறுதியில், முன்னிருந்த இசைக்குழு கலைந்து, உடல்நலமும் கெட்டிருந்த நிலையில், விஸ்கான்சின் மாநிலத்தில் தம் தந்தைக்குச் சொந்தமான வேட்டைக் குடிலுக்குப் போய்ப் பனிக்காலத்தைத் தனியாகக் கழித்தார். அங்கே அவர் முதலில் சொற்களே இல்லாமல் மெட்டைப் பாடிப் பதிவு செய்தார். பிறகு அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, தம் குரலின் ஒலிகள் எந்தச் சொற்களைப் போல் கேட்கின்றனவோ அவற்றை எழுதிச் சேர்த்தார்.

நமக்கு இது புதிதன்று. மெட்டுக்குப் பாட்டெழுதும் நம் திரைக் கவிஞர்கள் 'தன்னன தானன' என்ற தத்தகாரத்தைக் கேட்டுத்தான் சொல் தேடினார்கள். ஆனால் அவர்களுக்கு இயக்குநர் ஒரு காட்சியைச் சொல்லியிருப்பார். காதலன் எங்கே நிற்கிறான், மழை பெய்கிறதா என்பதெல்லாம் தெரிந்திருக்கும். வெர்னனுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. அதனால் அவருடைய வரிகளில் காட்சித் தொடர்ச்சியைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். எந்தச் சொல்லில் குரல் மெலிகிறது, எந்த இடத்தில் ஒரே குரலைப் பல அடுக்காகப் பதிந்து கூட்டமாக்குகிறார், அந்தக் கூட்டம் எந்தச் சொல்லில் சட்டென்று கலைந்து ஒற்றைக் குரலாகிறது என்று கவனியுங்கள். தனித்திருக்கும் ஒருவர் தம் குரலையே துணையாக வைத்துக்கொள்வது அங்கே கேட்கும். வரிகளை அச்சில் படிப்பதை ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள் என்பது என் வேண்டுகோள்.

கேள்வி: நியூட்ரல் மில்க் ஹோட்டல் குழுவின் 1998ஆம் ஆண்டு இசைத்தொகுப்பு முழுவதும் ஆன் ஃபிராங்க் பற்றியது என்று நண்பர் சொல்கிறார். பாட்டுகளில் 'ஆன் ஃபிராங்க்' என்று எங்கும் வரவில்லையே? – வாசகர், சென்னை

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. 'இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ' என்ற அந்தத் தொகுப்பை எழுதிப் பாடிய ஜெஃப் மாங்கம், நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் படித்து நிலைகுலைந்துபோனதை அவரே சொல்லியிருக்கிறார். 'ஹாலண்ட், 1945' என்ற பாட்டில், கண்களில் ரோஜாக்களோடு பிறந்த ஒரு சிறுமியை 1945இல் ஒரு மாலைப் பொழுதில் உயிரோடு புதைத்துவிட்டார்கள் என்றும், அப்போது அவள் அருகில் அக்காள் மட்டுமே இருந்தாள் என்றும் வருகிறது. ஆனும் அவருடைய அக்காள் மார்கோட்டும் பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் 1945இன் தொடக்கத்தில் அடுத்தடுத்து இறந்தார்கள். ஆண்டு பொருந்துகிறது, அக்காளும் பொருந்துகிறாள். முழுப்பெயர் சொல்லத் தேவையே இல்லை.

ஆனால் பொருந்தாதவற்றையும் பாருங்கள். அந்த முகாம் இருந்தது ஜெர்மனியில்; தலைப்போ ஹாலண்ட் என்கிறது. ஆன் ஒளிந்திருந்து எழுதிய நாடு ஹாலண்ட். அவருடைய கடைசிக் குறிப்பு 1944 ஆகஸ்ட் 1ஆம் நாளுக்குரியது. மூன்று நாளில் கைதானார். அவர் எழுதாமல் போன ஆண்டையும் எழுதிய நாட்டையும் பாடகர் ஒரே தலைப்பில் சேர்த்து வைக்கிறார். நாட்குறிப்பைப் படிக்கும் ஒவ்வொருவரும் இதைத்தான் செய்கிறோம்: எழுதியவளுக்குத் தெரியாத முடிவைத் தெரிந்துகொண்டு, அவளுடைய நம்பிக்கைகளைப் படிக்கிறோம். அந்தத் தாங்க முடியாமையைத்தான் பாட்டு பாடுகிறது என்று நான் கொள்கிறேன். அதனால்தான் அடுத்த வரிகளிலேயே அந்தச் சிறுமி ஸ்பெயினில் ஒரு சிறுவனாக மறுபடி பிறந்து பியானோ வாசிக்கிறாள்.

தொகுப்பு முழுவதும் அவரைப் பற்றியது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. முதல் பாட்டிலேயே ஒரு தாய் தந்தையின் தோளில் முட்கரண்டியைக் குத்துகிறாள்; அது வேறொரு வீடு, வேறொரு குழந்தைப் பருவம். ஒரு சாவி கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லாப் பூட்டிலும் அதை நுழைத்துத் திருகினால், பூட்டுதான் கெடும்.

கேள்வி: 'கேட்பவருக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் பாட்டின் பொருள்' என்கிறாள் என் அறைத்தோழி. 'எழுதியவர் எந்தப் பெண்ணை நினைத்து எழுதினார் என்று தெரிந்தால்தான் பொருள் தெரியும்' என்கிறேன் நான். யார் சொல்வது சரி? – கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: இருவரில் உங்களிடம்தான் எனக்குச் சற்று அதிகமான வருத்தம், மன்னியுங்கள். அகப்பாட்டில் 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்று விதி வகுத்தவர் தொல்காப்பியர். தலைவன், தலைவி யாரென்று பெயர் சுட்டாதபோதுதான் அந்தக் காதல் எல்லோருக்கும் உரியதாகிறது. நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டில் ஒரு வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் பூ என்பதால் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது என்று சொல்லி, பிரிவைப் பாடும் அந்த நெடும்பாட்டையே உரைகாரர்கள் புறத்தில் வைத்துவிட்டார்கள். இன்றைய சுயாதீனப் பாடகர்களில் பலர் 'நீ' என்று மட்டும் பாடி நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த 'நீ'யின் வீட்டு முகவரியை நாம் தேடிப்போவது, அவர்கள் கட்டாமல் விட்ட வேம்பை நாமே கொண்டுபோய்க் கட்டுவதாகும்.

உங்கள் தோழியிடமும் ஒன்று சொல்லுங்கள். தோன்றுவதற்கு உரிமை உண்டு. ஆனால் தோன்றியதைப் பாட்டின் எந்தச் சொல்லில், எந்த ஓசையில் கண்டாள் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். மதுரை வாசகி ஒரே ஒரு வரியில் விரல் வைத்தார். அந்த விரல் இல்லாவிட்டால் அவள் சொல்வது அவளுடைய அன்றைய மனநிலைதான். பாட்டுக்கு அதில் பங்கில்லை.

கேள்வி: சிகுர் ரோஸ் என்ற ஐஸ்லாந்துக் குழுவின் பழைய குறுந்தகடு ஒன்றை வாங்கினேன். அட்டையில் இரண்டு அடைப்புக்குறிகள் மட்டும். பாடல்களுக்குத் தலைப்பில்லை, உள்ளே இருந்த சிறுபுத்தகத்தில் ஓர் எழுத்தும் இல்லை. அச்சுப் பிழையா? திருப்பிக் கொடுத்துவிடலாமா? – வாசகர், புதுச்சேரி

பதில்: திருப்பிக் கொடுக்காதீர்கள், 2002இல் அது அப்படித்தான் வெளியானது. எட்டுப் பாடல்களும் எந்த மொழியிலும் இல்லாத ஒலிகளால் பாடப்பட்டவை. அந்த ஒலிமொழிக்கு அவர்கள் வைத்த பெயர் வொன்லென்ஸ்கா. ஐஸ்லாந்து மொழியில் 'வொன்' என்றால் நம்பிக்கை. நான்காம் பாட்டுக்கும் ஐந்தாம் பாட்டுக்கும் இடையே 36 விநாடி மௌனம் வரும்; ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது என்று அதையும் எண்ணிவிட வேண்டாம். முன்பாதி சற்றே வெளிச்சமாக இருக்கும், பின்பாதி இருண்டுகொண்டே போகும்.

வெற்றுப் பக்கங்கள் நீங்கள் எழுதுவதற்காக விடப்பட்டவை. கேட்கும்போது காதில் விழும் தமிழ்ச் சொற்களை அதில் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், பென்சிலால் எழுதுங்கள். அடுத்த மார்கழியில் கேட்கும்போது வேறு சொற்கள் கேட்கலாம்.