ஒரே நாளில் குவாடலூப் சிகரம்

கேள்வி: டெக்சாஸின் எல் பாசோ நகரிலிருந்து நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் குகைகளைப் பார்க்கக் கிளம்புகிறோம். வழியில் குவாடலூப் மலைகள் தேசியப் பூங்கா வருகிறது. அதற்கு ஒரு நாள் ஒதுக்கலாமா?

பதில்: தாராளமாக ஒதுக்குங்கள். குகைக்குப் போகிற அவசரத்தில் பலர் எல் கேப்பிடன் பாறையைக் கார் ஜன்னல் வழியாகப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். டெக்சாஸிலேயே உயரமான இடமான குவாடலூப் சிகரம் (8,751 அடி) இங்கேதான் இருக்கிறது. பைன் ஸ்பிரிங்ஸில் தொடங்கும் பாதை போக வர சுமார் 8.5 மைல், ஏற்றம் 3,000 அடி, 6 முதல் 8 மணி நேரம் பிடிக்கும்.

முதல் ஒன்றரை மைல்தான் மிகவும் செங்குத்து. இங்கே வேகமாக ஏறுகிறவர்கள் பாதி வழியிலேயே களைத்துப்போகிறார்கள். மூச்சு வாங்காமல் பேச முடிகிற நடையே சரியான நடை. உச்சிக்கு சுமார் ஒரு மைல் இருக்கும்போது, வந்து சேர்ந்துவிட்டதாக நம்பவைக்கும் ஒரு மேடு வரும். ஏமாந்துவிடாதீர்கள்; அதைத் தாண்டி, சற்று இறங்கி, ஒரு மரப்பாலத்தைக் கடந்தபின் கடைசி ஏற்றம் இருக்கிறது. உச்சியில் 1958இல் நிறுத்திய மூன்று பக்க எஃகுப் பிரமிடு நிற்கும்.

இறங்கத் தொடங்குமுன் ஷூ கயிற்றை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தள்ளி, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் நாலு மைலும் கால்விரல்கள் ஷூ முனையில் இடித்துக்கொண்டே வரும், நகம் கறுத்துவிடும். பாறைமேல் கிடக்கும் சரளை கோலிக்குண்டு போல வழுக்கும். எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக வையுங்கள். ஊன்றுகோல் இரண்டு இருந்தால் முழங்கால் பிழைக்கும்.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு வேண்டும்?

பதில்: ஆளுக்கு 4 லிட்டர். பாதையில் ஒரு சொட்டுகூடக் கிடைக்காது. 4 கிலோ சுமையாயிற்றே என்று குறைக்காதீர்கள். வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் எவ்வளவு இழந்தோம் என்பதே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்கவும் கூடாது. வெறும் தண்ணீரையே குடித்தால் உடம்பில் உப்பு நீர்த்துப்போய் தலைவலியும் குமட்டலும் வரும். உப்புக் கடலையோ உப்புக்கரைசலோ சேர்த்துக்கொள்ளுங்கள். பாதித் தண்ணீர் தீர்ந்தும் உச்சி எட்டவில்லை என்றால், அங்கேயே திரும்பிவிடுங்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? காற்று பயங்கரமாக அடிக்குமாமே?

பதில்: உண்மைதான். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் ஆளைத் தள்ளும் காற்று அடிக்கும். அன்றைய முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பலத்த காற்றென்றால் சிகரத்தை விட்டுவிடுவதே நல்லது. கோடையில் பிற்பகல் இடிமின்னல் வரும், மேலே ஒதுங்க இடமில்லை. விடியலில் கிளம்பி நண்பகலுக்குள் இறங்கத் தொடங்குங்கள். எங்கள் தேர்வு அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம். அப்போது இதே பூங்காவின் மெக்கிட்ரிக் பள்ளத்தாக்கில் மேப்பிள் இலைகள் சிவந்திருக்கும்.

கேள்வி: பத்து வயதுப் பையனும் வருகிறான். அவனால் முடியுமா?

பதில்: நடந்து பழகாதவன் என்றால் சிகரம் வேண்டாம். டெவில்ஸ் ஹால் பாதையில் போங்கள், போக வர சுமார் 4 மைல். பாதி வழிக்குப் பிறகு காய்ந்த ஓடையின் உருண்டைக் கற்கள்மீது தாவித்தாவிப் போகவேண்டும். அது அவனுக்குப் பிடிக்கும். முடிவில், அடுக்கிவைத்தாற்போன்ற இயற்கைப் பாறைப்படிகளும், இரு சுவர்களுக்கிடையே ஒரு சந்தும் காத்திருக்கும். மழை மேகம் கறுத்தால் மட்டும் ஓடைக்குள் இறங்காதீர்கள்.

கேள்வி: பாலைவனப் பாறையில் கடற்பஞ்சு எப்படி வந்தது? ஒரு துண்டு எடுத்துவரலாமா?

பதில்: சுமார் 26 கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடலோரத் திட்டு. கடற்பஞ்சுகளும் பாசிகளும் சுண்ணாம்பாக இறுகி வளர்த்த திட்டுதான் பின்னால் உயர்ந்து மலையாயிற்று. சாம்பல் நிறப் பாறையைக் கிட்டே போய்ப் பாருங்கள். விரல் பருமனில் வளையம் வளையமாகக் கடற்பஞ்சுகளின் தடம் தெரியும். எடுத்துவரச் சட்டம் அனுமதிக்காது, படம் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் நாணயமோ விரலோ வைத்து எடுத்தால் அளவு புரியும்.

கேள்வி: வேறு ஏதாவது?

பதில்: பூங்காவுக்குள் பெட்ரோலும் கிடையாது, உணவகமும் கிடையாது, எல் பாசோவிலேயே டேங்கை நிரப்புங்கள். நாய்களை மலைப்பாதையில் விடமாட்டார்கள். டெக்சாஸின் பெரும்பகுதியைவிட இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியது. செல்போன் எந்த நேரத்தைக் காட்டுகிறது என்று முதல்நாள் இரவே சரிபார்த்துவிடுங்கள்.