புதுசா வந்தவன் சொன்னா எடுபடுமா?

தம்பி, உன் கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். சிங்கப்பூர் வந்து 14 மாசம், ஜூரோங் பக்கம் ஒரு பில்டிங்ல சில்லர் (பில்டிங் ஏசிக்கு தண்ணிய குளுர வெக்கற மெஷின்) மெயின்டனன்ஸ் வேலை, கூட இருக்கற மியான்மர்க்காரர் ஒருத்தர்தான் உனக்கு தொழிலே கத்துக் குடுத்தவர், இப்ப கான்ட்ராக்ட் கைய விட்டுப் போனதால அவரோட எஸ் பாஸ (நடுத்தர தொழில் தெரிஞ்ச வெளிநாட்டுக்காரங்களுக்கு இங்க குடுக்கற வேலை அனுமதி) ரினியூ பண்ணப் போறதில்லன்னு கம்பெனி சொல்லிருச்சு, அவருக்காக வேற எடத்துல சொல்லணும், ஆனா நேத்து வந்த பய பேச்ச யாரு கேப்பான்னு கேட்டிருக்க. கேப்பாங்க தம்பி. ஆனா நீ எழுதி வெச்சிருக்கற மாதிரி சொன்னா கேக்க மாட்டாங்க.

நான் 2006ல வந்தவன், பட்டுக்கோட்டை பக்கம். நம்ம ஊர்ல சிபாரிசுன்னா யாரு சொல்றாங்கங்கறதுதானே கணக்கு, கவுன்சிலர் சொன்னாரு, மாமாவோட சம்பந்தி சொன்னாருன்னு போய் நின்னா வேலை, ஆளு எப்படின்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அந்த நெனப்போடயே இங்கயும் இருந்து 2011ல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். மச்சான் ஒருத்தனுக்கு வேலை வேணும், எனக்குப் பழக்கமான ஒரு ப்ராஜெக்ட் மேனேஜருக்கு "ரொம்ப சின்சியர், ஹார்ட்வொர்க்கர், டீம் ப்ளேயர்"னு ஒரு மெயில தட்டி விட்டேன். மனுசன் போன் போட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, "இவன் ஹாட் வொர்க் பெர்மிட் போட்டு வேலை செஞ்சத நீ கண்ணால பாத்திருக்கியா?" வெல்டிங் மாதிரி நெருப்பு வேலைக்கு முன்கூட்டியே வாங்கற அனுமதி அது. பாத்ததில்ல. பாத்திருக்கேன்னுட்டேன். சேந்த மூணாவது நாளே நம்மாளு பெர்மிட்ல கையெழுத்து ஆகறதுக்கு முன்னாடியே வெல்டிங்க ஆரம்பிச்சுட்டான், சேஃப்டி ஆபீசர் வந்து அந்த ஃப்ளோர் வேலையவே நிறுத்திட்டாரு. மச்சான் எப்படியோ பொழச்சுக்கிட்டான், இப்ப என்னய விட நல்லா இருக்கான், அது வேற கதை. அந்த மேனேஜர்தான் அதுக்கப்பறம் என் போன எடுக்கவே இல்ல, லிஃப்ட்ல நேருக்கு நேரா மாட்டினா கூட மேல ஓடுற நம்பரயே பாத்துக்கிட்டு நிப்பாரு.

அதனால நீ எழுதியிருக்கற "நல்ல மனுசன், கடின உழைப்பாளி, எல்லார்கூடயும் நல்லாப் பழகுவாரு" எல்லாத்தயும் அடிச்சுரு. நடுவுல போற போக்குல ஒண்ணு எழுதியிருக்க பாரு, ராத்திரி ரெண்டு மணிக்கு சில்லர் ஹை ப்ரெஷர்ல ட்ரிப் ஆகி தானா நின்னுருச்சு, நீ ரீசெட் அமுக்கப் போன, அவர் உன் கையத் தட்டி விட்டுட்டு கன்டென்சர் தண்ணி பைப்புல உள்ளங்கைய வெச்சுப் பாத்தாரு, அப்பறம் நேரா பம்ப்புக்குப் போய் ஸ்ட்ரெயினர, அதான் அழுக்கு புடிக்கற வலைய, கழட்டினா உள்ள ஒரே பாசியும் சேறும், கழுவி மாட்டிட்டு அதுக்கப்பறம்தான் ரீசெட் பண்ணாரு, காலையில ஆபீஸ்காரங்க வர்றதுக்குள்ள தண்ணி 7 டிகிரிக்கு எறங்கிருச்சுன்னு. இத எழுது. இத முதல்ல எழுது. மெயின்டனன்ஸ் மேனேஜரா இருக்கற எவனும் இதப் படிச்சா நிமிந்து உக்காருவான், ஏன்னா காரணம் பாக்காம ரீசெட்ட மறுபடி மறுபடி அமுக்கி கம்ப்ரெசரயே காலி பண்ணவங்கள அவன் பாத்திருப்பான், அந்த பில்லுக்கு மேலிடத்துல பதிலும் சொல்லியிருப்பான்.

இன்னொண்ணு, நீ அவருக்கு சூப்பர்வைசர் மாதிரி எழுதிடாத. "14 மாசம் இவர்கிட்ட வேலை கத்துக்கிட்டேன்"னு ஒடச்சு சொல்லிரு. எச்ஆர் குடுக்கற லெட்டர்ல பெரும்பாலும் சேந்த தேதி, வெலகின தேதி, பதவி, அவ்ளோதான் இருக்கும். கூட நைட் ஷிப்ட் பாத்த ஜூனியர் சொல்றது அதுல இல்லாத விஷயம். கொற இருந்தா கேப்பாங்க, மறைக்காத. இங்கிலீஷ்ல ரிப்போர்ட் எழுத லேட் ஆகும்னு சொன்னியே, அதயே சொல்லு, லேட் ஆனாலும் ரீடிங் தப்பா இருக்காதுன்னும் சொல்லு, ரெண்டும் உண்மைதானே.

இப்ப பாஸ் சமாச்சாரம். இத நம்மாளுங்க பாதிப் பேரு யோசிக்காம ரெஸ்யூமே மட்டும் கண்ட எடத்துக்கு ஃபார்வர்ட் பண்ணிக்கிட்டு இருப்பாங்க. அவருக்கு வயசு 46ன்னு போட்டிருக்க. 2025 செப்டம்பர்லேர்ந்து புது எஸ் பாஸுக்கு கொறஞ்ச சம்பளம் மாசம் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஆனா அது சின்னப் பசங்களுக்கு, வயசு ஏற ஏற அதுவும் ஏறும், 45 ஆயிட்டா 4,800. அதுக்கு மேல கம்பெனி அரசாங்கத்துக்குக் கட்டற லெவி மாசம் 650. அப்ப அவரோட வேலைக்கு மாசம் 5,450 வெள்ளி எடுத்து வெக்கறவன்கிட்டதான் பேசணும், சும்மா டெக்னீஷியன் வேணும்னு போர்டு மாட்டியிருக்கற எடத்துல போய் நின்னா ரெண்டு பேருக்கும் நேரம்தான் வீணு. கோட்டாவும் கேட்டுக்க, சர்வீஸ் செக்டர்னா மொத்த ஆளுங்கள்ல 10 சதவீதம்தான் எஸ் பாஸ், கன்ஸ்ட்ரக்‌ஷன், மேனுஃபாக்சரிங்னா 15. பத்து பேரோ அதுக்கு மேலயோ இருக்கற கம்பெனின்னா அப்ளை பண்றதுக்கு முன்னாடி மைகரியர்ஸ்ஃப்யூச்சர்ங்கற அரசாங்க வேலை வெப்சைட்ல 14 நாள் விளம்பரமும் போட்டிருக்கணும். பேச்ச ஆரம்பிக்கும்போதே "கோட்டா இருக்கா?"ன்னு கேளு, அதுல ஒண்ணும் தப்பில்ல, இங்க எல்லாரும் கேக்கறதுதான்.

பழைய பாஸ கேன்சல் பண்றதுக்கு முன்னாடியே புது கம்பெனி அப்ளை பண்ணி ஐபிஏ லெட்டர் (பாஸுக்கு முதல்கட்ட ஒப்புதல்) வாங்கிட்டா அவருக்கு நிம்மதி. கேன்சல் ஆயிருச்சுன்னா பொதுவா 30 நாள் விசிட் பாஸ் குடுப்பாங்க, அந்த முப்பது நாள் எப்படி ஓடும்னு பட்டவனுக்குத்தான் தெரியும். கடைசி மாச சம்பளத்த கம்பெனி புடிச்சு வெச்சா பதற வேணாம்னும் சொல்லி வையி, ஐஆர்21னு டாக்ஸ் க்ளியரன்ஸ், அதாவது வரி பாக்கி இல்லன்னு கணக்கு முடிக்கறது, ஒண்ணு இருக்கு, அது முடியற வரைக்கும் புடிச்சுத்தான் வெக்கணும், சட்டமே அப்படி.

ஒரு விஷயம் கேக்காமலே சொல்றேன். நீ பேசி அவருக்கு வேலை கெடச்சு, அவர் சந்தோஷத்துல கவர் ஒண்ணு குடுத்தா தொடாத. எவனாவது நடுவுல பூந்து "ஆயிரம் ரெண்டாயிரம் வெட்டுனா முடிச்சுத் தர்றேன்"னா அந்தப் பக்கமே போகாத, வேலைக்குன்னு காசு வாங்கறது இங்க குத்தம், 30,000 வெள்ளி வரைக்கும் ஃபைன், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். தேக்காவுல டீ வாங்கிக் குடுத்தாருன்னா குடி, கூட ஒரு வடையும் சாப்புடு.

எனக்குத் தெரிஞ்சு ரெண்டு எடத்துல ஆள் தேடறாங்க, ஒண்ணு சாங்கி பக்கம், ஒண்ணு துவாஸ். எழுதினத எனக்கு அனுப்பு, நான் பாத்துட்டு சேத்து விடறேன், ஆனா போன் வந்தா நீதான் பேசணும், நான் அவர் வேலை செஞ்சு பாத்ததில்ல. பாஸ்போர்ட் காப்பி, ஃபின் நம்பர் (வெளிநாட்டுக்காரங்களுக்கு இங்க குடுக்கற அடையாள எண்) எதயும் வாட்ஸ்அப் க்ரூப்ல போட்டுறாத. அட, முக்கியமானத விட்டுட்டேனே, உனக்கு இதெல்லாம் தோணுச்சு சரி, அவர்கிட்ட கேட்டியா? ஊருக்கே போயிரலாம்னு கூட நெனச்சுக்கிட்டு இருக்கலாம். இன்னிக்கு ரெண்டு பேருக்கும் நைட் ஷிப்ட்தானே, அந்த கோப்பி குடிக்கற நேரத்துல கேட்டுட்டு காலையில எனக்கு ஒரு மெசேஜ் போடு.