ஷீல்டும் டியூப்லைட்டும்

அன்புள்ள ஐயா,

எங்கள் கல்லூரியில் 1974-இல் பி.எஸ்சி. முடித்த அம்மா ஒருவர், குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறவர்களின் பிள்ளைகளுக்கு இன்றுவரை மாலைப்பள்ளி நடத்துகிறார். முன்னாள் மாணவர் சங்கம் அவருக்கு வாழ்நாள் சேவை விருது தருகிறது. 'இன்னொரு ஐடா ஸ்கடர்' என்று பட்டம் கொடுக்கலாமா? பொற்கிழியா, ஷீல்டா? நீங்கள் பேச வர வேண்டும்.

அன்புள்ள தம்பி,

பொற்கிழியா ஷீல்டா என்பதை உங்கள் பொருளாளரிடம் கேளுங்கள். பட்டம் வேண்டாம்.

என் கணக்கு வாத்தியாரும் இப்படித்தான் ராத்திரிப் பள்ளி நடத்தினார். ஒரு சங்கம் அவரை மேடையேற்றியது. சிறப்பு விருந்தினருக்காக மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்கள். பேச இரண்டே நிமிடம். காட்பாடிக்குக் கடைசி பஸ்ஸில் திரும்பினோம். மடியில் ஷீல்டு, அதில் அவர் இனிஷியல் தப்பு. அதைத் தடவியபடியே, "இதுக்கு ஆன காசுல ரெண்டு டியூப்லைட் வாங்கியிருக்கலாம்டா" என்றார். திண்ணையில் ஒரே ஒரு குண்டு பல்பு. பிள்ளைகள் தலையை ஒட்டவைத்துக்கொண்டு படிப்பார்கள். மேடையில் இருந்த ஒருவருக்கும் அது தெரியாது. கேட்டால்தானே தெரியும்? அவர் மறைந்த மாதமே பள்ளியும் போயிற்று. பின்வரிசையில் கை தட்டிய நானும் ஒருநாள் போய் சாக்பீஸைப் பிடிக்கவில்லை. இன்றும் உறுத்துகிறது.

ஐடா பெயரை இழுத்ததால் சொல்கிறேன். 1899-இல் அமெரிக்காவின் கார்னெல்லில் டாக்டருக்குப் படித்து முடித்தவர், 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆஸ்பத்திரி ஆரம்பித்தார்; அதுதான் இன்றைய சி.எம்.சி. தன் இரண்டு கை போதாது என்று தெரிந்து 1909-இல் நர்ஸ் பயிற்சி, 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. 1960-இல் அவர் மறைந்தார், மறுநாளும் ஓ.பி.யில் வரிசை நின்றது. அந்த அம்மாவுக்கு ஐடா பெயரைக் கொடுக்கிறீர்களே, அவருக்குப் பிறகு அந்தப் பாயில் உட்கார ஒரு ஆளைக் கொடுத்தீர்களா? சங்கத்தில் எத்தனை பட்டதாரிகள்! வாரத்தில் ஒரு மாலை உங்களில் ஒருவருக்குக்கூடவா ஒழியாது?

கோபமில்லை தம்பி. அவரை நினைத்தீர்களே, அதுவே எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் அழைப்பிதழ் அடிக்கும் முன் அவர் வீட்டுக்குப் போங்கள். "என்னம்மா பாக்கி இருக்கு?" என்று கேளுங்கள். வாடகையா, விளக்கா, ஆளா என்று அவர் சொல்வார். அதை எழுதிக்கொண்டு வந்து, யார் எந்தக் கிழமை என்று பெயர் போடுங்கள். விழாவை மண்டபத்தில் வைக்காமல், பிள்ளைகள் வரும் நேரத்தில் அந்தப் பள்ளியிலேயே வையுங்கள். நான் பாயில் உட்கார்ந்துகொள்கிறேன். பேச்சை அவர் பேசட்டும். செவ்வாய்க்கிழமை மாலை எனக்கு ஒழிவு உண்டு. கணக்குச் சொல்லித் தருவேன், என் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள்.