முதல் முறை கவுன்சிலிங் போகப் பயமாக இருக்கிறது. உள்ளே என்ன நடக்கும்?

வெளியே தெரிந்துவிடுமா, மாத்திரை கொடுத்துவிடுவார்களா, அழுதுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பா தவறிய ஆறாவது மாதம் நான் போனபோது என் மனதிலும் இதேதான் ஓடியது. தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்தினேன்.

உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு கடிகாரம், அவ்வளவுதான். தூக்கம் எப்படி, வீட்டில் யார் யார் என்று கவுன்சிலர் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார். "அப்பாகிட்ட கடைசியா என்ன பேசினீங்க?" என்றதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பத்து நிமிடமாவது அழுதிருப்பேன். அழாதீங்க என்று அவர் சொல்லவே இல்லை. டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டுப் பேசாமல் இருந்தார். மூத்த பையன் என்பதால் அதுவரை எல்லோரும் "நீதான் தைரியமா இருக்கணும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கவுன்சிலர் மாத்திரை எழுத முடியாது. அது மனநல மருத்துவரின் வேலை. தேவை என்று பட்டால் அவரைப் பார்க்கச் சொல்வார்.

ரகசியம் காக்கப்படுவது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. உங்கள் உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து என்பது போன்ற சில சூழல்களில்தான் வெளியே சொல்லலாம். எதை, யாரிடம் சொல்வீர்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். டிஷ்யூ பெட்டியை நகர்த்திய அந்தக் கவுன்சிலர் நான் பார்த்த இரண்டாவது ஆள். முதலில் பார்த்தவர் இருபதே நிமிடத்தில் "கல்யாணம் பண்ணிக்கோங்க, சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார். இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்றுதான் வீடு திரும்பினேன். அக்கா விடவில்லை. டாக்டர் சரியில்லை என்றால் வேறு டாக்டரைப் பார்ப்போம் இல்லையா, இதுவும் அப்படித்தான் என்றாள். என்ன படித்திருக்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருப்பார்.

பணம்தான் தடை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகவே கூச்சமாக இருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மனஸ் என்ற அரசு சேவை, இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், "ரெண்டு மாசமா தூக்கமே இல்லைங்க" என்று நான் சொன்னது மாதிரி ஒரு வரி சொன்னால் போதும், அப்புறம் அவர்களே கேட்பார்கள்.